பஞ்சாங்கத்து நிலவு

போன கிழமை நெல்லியடிப் பக்கமாக ஒரு அலுவல். முடித்துக்கொண்டு, இருள் கவிகிற மைமல் பொழுதில் நடந்து வருகிறேன். வழியில் ஒரு சிறு பட்டினம் – பெயர் வேண்டாமே, அங்கும் இந்தப் பத்தியை வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள்!

கார்த்திகை மழை அப்போதுதான் விட்டிருந்தது. வானம் முழுக்கக் கருமுகில். றோட்டோரம் பட்டினசபையார் நட்ட விளக்குத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றிலும் வெளிச்சம் இல்லை. தூரத்தில், றோட்டு வளைகிற முடக்கில் மட்டும் ஒரே ஒரு விளக்கு எரிகிறது.

அதென்ன, ஒன்றுக்கு மட்டும் அப்படி ஒரு யோகம்? இப்படிச் சங்கதி ஏதும் கண்ணில் பட்டால் என் கால் தானாகவே அங்கே போய்விடும்.

போய்ப் பார்த்தால், விளக்கின் கீழே ஒரு விசாரணை. ஏணியைத் தோளில் வைத்தபடி, விளக்கேற்றுகிற கந்தையர். எதிரே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, சபை வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர். சந்தையால் திரும்புகிற நாலைந்து பெண்கள் தலையில் ஓலைக் கடகத்தோடு வேடிக்கை பார்க்கிறார்கள்.

கந்தையர் செய்த குற்றம் என்ன? விளக்கேற்றியதுதான்!

எண்ணெய் வீணாகாமல் இருக்கச் சபையார் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்களாம். பஞ்சாங்கத்தைப் பார்த்து, நிலவு நாட்களை முன்கூட்டியே ஒரு கடதாசியில் குறித்துக் கந்தையரிடம் கொடுத்துவிடுவார்கள். அந்த நாட்களில் விளக்குக் கொளுத்தக் கூடாது. கெட்ட ஒழுங்கு என்று சொல்லமாட்டேன். எண்ணெய் மிஞ்சினால்தானே விளக்கு நெடுநாள் எரியும்? ஆனால் மழைமுகிலைப் பற்றி அந்தக் கடதாசியில் ஒன்றுமில்லை. அன்றைக்கு வளர்பிறைத் திரயோதசி... கடதாசிப்படி பால் போல நிலவு.

முன்னும் ஒருமுறை இப்படிச் செய்து மன்னித்தாயிற்று, இம்முறை சபைக்கு எழுதிக் கொடுத்தால் வேலை போகும் என்றார் ஓவசியர். அந்த வேலையை விட்டால் கந்தையருக்கு வேறு பிழைப்பில்லை என்று பக்கத்தில் நின்ற பெண் எனக்கு மெல்லச் சொன்னாள். ஆனாலும் மனிதர் பதறவில்லை.

“முடக்கிலை சுத்துக்கட்டில்லாத கிணறு கிடக்கு, ஐயா. சந்தையாலை இவையள் வாற நேரம். வேலை போனாப் போகட்டும், ஆள் போகக் கூடாது.”

அந்தச் சொல்லை அங்கேயே ஒரு துண்டில் குறித்துக்கொண்டேன்.

கடகக்காரி ஒருத்திக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஐயா, உங்கடை நிலவை ஒருக்காக் காட்டுங்கோ. நாங்கள் அதைப் பிடிச்சுக்கொண்டு வீட்டை போறம்.”

ஓவசியர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கொப்பியை எடுத்தார். எழுத வேண்டுமே! வெளிச்சம் போதவில்லை. விளக்குக்கு இன்னும் கிட்டப் போனார். கண்ணைச் சுருக்கினார்.

“திரியைக் கொஞ்சம் கூட்டி விடட்டோ, ஐயா?” என்று கேட்டார் கந்தையர். நக்கல் இல்லை – மெய்யாகவே கேட்டார்.

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஓவசியர் கொப்பியைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். பிறகு, தான் போகவேண்டிய பக்கத்து இருட்டையும் பார்த்தார். பென்சில் சட்டைப்பைக்குள் போயிற்று.

“அங்காலை உள்ளதுகளையும் கொளுத்தும். சபையிலை நான் கதைக்கிறன்.”

கந்தையர் ஏணியோடு முன்னே நடந்தார். தூண் தூணாக வெளிச்சம் வந்தது.

தெருவுக்குத் தூண் நட ஒரு நாள் போதும். விளக்கு அணையாமல் இருக்க எண்ணெய் வேண்டும், ஏணி வேண்டும், கந்தையர் மாதிரி ஒருவர் வேண்டும். ஒழுங்கு எழுதுகிறவர்களும் அந்த வழியாலேயே வீட்டுக்குப் போக வேண்டும் போலிருக்கிறது...

ஓவசியரின் சைக்கிளுக்கு விளக்கு இல்லை என்பதைச் சொன்னேனோ?