சட்னித் தூக்கு தொங்கிய இடம்

என் வீட்டுக்காரருக்குக் கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்ட அன்றைக்கே சொல்லிவிட்டேன், லைனுக்கு நான் போகிறேன் என்று. லைன் என்றால் தாராவியிலிருந்து மாட்டுங்கா வரை அவர் தினமும் காலையில் சைக்கிளில் இட்லி விற்கும் வழி. ஒரு வாரம் ஆள் வராவிட்டால் அந்த வாசல்களில் வேறு இட்லிக்காரர் யாராவது ஹாரன் அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் கெஞ்சினாலும் லைன் திரும்பக் கிடைக்காது.

"ஏளா, ஒனக்குக் காலே எட்டாது" என்றார். புதிதாக வாங்கிய பேட்டரி சைக்கிள் அது, இன்னும் லைனைப் பார்க்காதது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எட்டாவிட்டால் எட்ட வைக்க வேண்டியதுதானே!

மத்தியானமே சந்தில் வண்டியை நிறுத்தி, பேட்டரியை அணைத்துவிட்டு, சீட்டை இறக்கினேன். பிறகு ஹேண்டிலின் கழுத்து போல்ட்டைத் தளர்த்தி அதையும் இறக்கி, முன்சக்கரத்துக்கு நேராக வைத்து முறுக்கினேன். சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பியபோது கேபிள் எதுவும் இழுபடவில்லை. பிரேக் பிடி என் விரலுக்குத் தூரமாக இருந்தது. அதிலுள்ள சின்ன ஸ்க்ரூவைத் திருகிக் கிட்டே கொண்டுவந்தேன். அழுத்திப் பிடித்துத் தள்ளினால் வண்டி நகரவே இல்லை. அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி எல்லாம் பொருந்திவிட்டது. எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

ஒத்திகைக்குக் கேரியரில் இட்லிச் சட்டியை ஏற்றி, இட்லிக்காரர்கள் எல்லோரும் செய்வதுபோல ஹேண்டிலில் சட்னித் தூக்குவாளியை மாட்டினேன். பின்சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, பேட்டரியைப் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். சக்கரம் சுற்றவில்லை.

"கெடுத்துட்டியா? எதுக்குத் திருகுத?" என்றார், வாசலில் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர்.

ஆத்திரத்தில் தூக்கைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு மறுபடி திருகினேன். சக்கரம் விர்ரென்று சுற்றியது! மாட்டினேன், நின்றது. கழற்றினேன், சுற்றியது. தூக்கின் கம்பி பிரேக் பிடியை ஒரு நூலளவு அழுத்திக்கொண்டிருந்தது. இந்த வண்டியில் பிரேக்கைத் தொட்டாலே மோட்டார் நின்றுவிடும்.

"சட்னி ஹேண்டில்லதான் தொங்கணும். எல்லாரும் அப்படித்தான் போறாங்க."

"தொங்குனா வண்டி நகராதுங்க. சட்னிய நக்கிக்கிட்டு இங்கனயே உக்காருவமா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தூக்கைச் சட்டிக்குப் பக்கத்தில் இறுக்கிக் கட்டினேன். சுமையோடு சந்துக்குள் மெதுவாக நாலைந்து முறை ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

மறுநாள் காலை வழியிலிருக்கும் பாலத்தின் மேல் ஏறியபோது வண்டி என்னைத் தூக்கிக்கொண்டு போனது. இறக்கத்தில்தான் பயமாக இருந்தது. இரண்டு பிரேக்கையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தேன். சொன்ன பேச்சைக் கேட்டது. யார் பார்த்தால் என்ன, சந்தோஷத்தில் சத்தமாகவே கத்தினேன்.

மாட்டுங்காவில் முதல் கட்டிட வாசலில் ஹாரனை அடித்தேன். வாட்ச்மேன் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "அண்ணா, தோ பிளேட்" என்று இரண்டு தட்டு கேட்டார்.

அவர் நாற்காலியை ஒட்டி, வண்டியை ஆடாமல் நிறுத்தினேன். "அண்ணா நஹி, அக்கா" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். இரண்டு தட்டையும் தின்று முடித்துவிட்டு, நாளைக்கும் வருவேனா என்று கேட்டார்.

"ரோஜ்" என்றேன். தினமும்.