ஐ.சி.யூ.வுக்கு வந்த பன்னீர் சோடா

எங்கள் ஹம்சா சிஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டார். மேற்கு மாம்பலத்தில் அவரைப் பார்க்கப் போனால், பழைய ஐ.சி.யூ. கதைகளில் கட்டாயம் சோடா கதையும் வரும்.

அடையாறு ஆஸ்பத்திரியில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்த காலம். நொச்சிக்குப்பத்திலிருந்து தமிழ்மொழி என்ற கல்லூரிப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். மனச்சோர்வு மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியிருந்தாள். வலிப்பு வந்தது. மானிட்டரில் இதயத்துடிப்பின் அலை அகலமாகிக்கொண்டே போனது. மூச்சுக்குழாய் போட்டுக்கொண்டே டாக்டர், "சோடா பைகார்ப் குடுங்க, சீக்கிரம்!" என்று கத்தினார். விஷம் இதயத்தை நிறுத்திவிடாமல் இருக்க நரம்பில் ஏற்றும் மருந்து அது.

கதவருகே நின்ற அவள் அப்பா மண்ணாங்கட்டிக்கு முதல் சொல் மட்டும்தான் புரிந்தது. ஓடிப்போய்ப் பன்னீர் சோடாவோடு வந்து நின்றார்.

"டாக்டரு கேட்டாரே சிஸ்டரு, இந்தாங்க."

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்குக்கு மேல் கோபம் வரும் ஹம்சா சிஸ்டர் எங்களைத்தான் முறைத்தார். பாட்டிலை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

"அவ கண் முழிச்சு எழுந்துக்கட்டும். நீங்களே குடுங்கோ."

மருந்து ஏற ஏற அலை குறுகியது. சில நாளில் குழாயையும் எடுத்தார்கள். வார்டுக்கு மாறிய பிறகு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, அந்தப் பாட்டிலை ஹம்சா சிஸ்டரே எடுத்துக்கொண்டு போனார். மண்ணாங்கட்டி திறந்து கொடுத்தார். ஒரு வாய் குடித்தவள் முகம் சுளித்தாள்.

"இன்னா நைனா, கூலிங்கே இல்ல!"

மனுஷன் அழுதுகொண்டே மறுபடி கடைக்கு ஓடினார்.