பகலில் தூங்கியவர்கள்

கனடாவிலிருந்து மகன் அனுப்பிய பெட்டியின் முகமூடியை முதல் முறை மாட்டிக்கொண்டபோது, ஓடும் பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மூச்சு விடப் பார்ப்பதுபோல் இருந்தது. சீபேப் என்று அந்தப் பெட்டிக்குப் பெயர். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று போகிறவர்களுக்கு, ஒரு குழாய் வழியாகக் காற்றை அழுத்தி மூக்குக்குள் செலுத்தி, தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். எனக்கு அந்த நோய் இருப்பதைக் கொழும்பில் ஓர் இரவு படுக்கவைத்துக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பல வருடம் முன்பே கண்டுபிடித்தவள் என் மனைவி. குறட்டை கேட்டால் அவளுக்குப் பயமில்லையாம், குறட்டை நின்றால்தான் பயமாம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய காலம் அது. ஓய்வுபெற்றுப் பதுளையில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்திருந்தோம். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பக்கூடிய நிலைமை இல்லை. முப்பது வருடம் மலைக்குளிரில் கிடந்தவனுக்கு அந்த வெயில் இனி ஒத்துக்கொள்ளாது என்று நானும் ஒரு சாட்டு வைத்திருந்தேன். வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில் வாய்க்காரன், பொறுமை இல்லாதவன் என்று பெயரெடுத்தவன் நான். அந்தக் குணத்தை முழுதாகக் காட்ட எனக்கு இந்த இயந்திரம் வாய்த்தது.

வாயைக் கொஞ்சம் திறந்தால் மூக்கில் போன காற்று வாய்வழியே புஸ்ஸென்று வெளியேறியது. மூடிக்கொண்டால் வயிற்றுக்குள் இறங்கியது. விடியும்போது வயிறு உப்பிக் கல்லுமாதிரி இருக்கும். பத்து மணிவரை ஏப்பம்தான். முகமூடியின் ஓரத்தால் கசிந்த காற்று கண்ணில் அடித்தது. காது அடைத்தது, மூக்கு காய்ந்து எரிந்தது. எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியாமல், காலையில் அதைக் கட்டிலுக்கு அடியில் தேடி எடுப்பேன். கரண்ட் போன நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காற்று நின்ற முகமூடி மூக்கை அப்படியே பொத்திவிடும். ஒருநாள் அதைத் தூக்கிச் சுவரில் எறியப் போனேன். மகன் காசு போட்டு வாங்கியது என்று மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து பதுளைக்கு வந்துபோகும் டாக்டர் ஓர் இளம் பெண். நான் கத்தியதையெல்லாம் கேட்டுவிட்டு அழுத்தத்தைச் சற்றுக் குறைத்தார். முதலில் மெதுவாகத் தொடங்கி, தூங்கிய பிறகு கூடும்படி இயந்திரத்தை மாற்றித் தந்தார். பக்கவாட்டில் படுக்கச் சொன்னார். பகலில் அரை மணி நேரம் அதை மாட்டிக்கொண்டு பேப்பர் படியுங்கள், காற்றோடு சண்டை பிடிக்காதீர்கள் என்றார். அப்படியே முன்விறாந்தையில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, பிளேன் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு முகமூடி இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

நாலாவது வாரம் ஒருநாள் கண் விழித்தபோது மணி ஆறரை. முகமூடி முகத்திலேயே இருந்தது. தலை கனக்கவில்லை. கண் எரியவில்லை. வயிறும் அமைதியாகக் கிடந்தது. அறுபது வயதில் முதன்முதலாகத் தூங்கி எழுந்தவன் போலக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு காலமும் நான் தூங்கியது தூக்கமே இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. அந்தச் சந்தோஷம் தேநீர் குடித்து முடியும்வரைகூட நிற்கவில்லை. கோப்பையோடு இருக்கும்போது அந்த மனிதரின் ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் டீமேக்கர். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். ஸ்டோருக்குள் நான் வைத்ததுதான் சட்டம். அந்த மனிதர் அங்கே தேயிலை காயவைக்கும் மெஷினில் வேலை. முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்துத் தடித்த ஆள். சொன்ன வேலையைச் செய்வார், எதிர்த்துப் பேசமாட்டார். ஆனால் தூங்குவார். நின்றபடியே தூங்குவார். மெஷின் கதவில் கையை வைத்தபடி தூங்குவார். நானும் பலமுறை ஏசியிருந்தேன். அவன் இவன் என்றுதான் ஏசினேன். இன்றைக்கு அவர் என்று எழுதுவது எளிது.

ஒருநாள் முற்பகலில் அவர் கண்ணயர்ந்த நேரம் தேயிலை கருகிவிட்டது. அந்த வாடை ஸ்டோர் முழுக்கப் பரவியது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஏசிவிட்டுப் போயிருந்தால் போதும். என் வாய்க்கு அது போதவில்லை. ஒரு சாக்கை எடுத்துவரச் சொல்லி, தூள் சலிக்கும் பெண்களுக்கு முன்னால் தரையில் விரிக்கச் செய்து, "படு" என்றேன். அவர் தயங்கினார். மறுபடியும் சொன்னேன். படுத்தார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு நிமிடம் போகவில்லை, அந்த வெட்கத்துக்கும் சிரிப்புக்கும் நடுவே அவர் உண்மையாகவே தூங்கிக் குறட்டை விடத் தொடங்கினார். ஸ்டோரே அதிரச் சிரித்தது.

அதை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே தோட்டத்து மேனேஜரான துரைக்கு ரிப்போர்ட் எழுதினேன். வேலை நேரத்தில் வேண்டுமென்றே தூங்குகிறான், கண்டித்தும் கேட்கவில்லை, ஸ்டோருக்கு லாயக்கில்லை என்று நல்ல ஆங்கிலத்தில். துரை அவரைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு மலை வேலைக்கு மாற்றினார். கூரைக்குக் கீழே, சூட்டில் நின்றவர், மழையிலும் அட்டையிலும் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போனார். போகுமுன் என்னிடம் வந்தார்.

"வேணும்னு தூங்கலீங்கய்யா. கண்ணு தானா சொருகுது."

இரவில் ஒழுங்காகத் தூங்கினால் பகலில் ஏன் சொருகுது என்று கேட்டேன்.

"ராத்திரியும் தூங்கத்தாங்க செய்யிறேன்."

ஒரு டாக்டருக்கு அந்த ஒரு வசனம் போதும். நான் டாக்டர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பிற்பாடு என் ஆபீஸ் மேசையில் நானும் சாப்பாட்டுக்குப் பிறகு தலை சாய்த்துக் குறட்டை விட்டிருக்கிறேன். டீமேக்கர் ஐயாவுக்குக் களைப்பு என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். எனக்கு யாரும் சாக்கு விரிக்கவில்லை. இதை நினைக்க நினைக்க எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

இரண்டு வாரம் இதையே நினைத்துப் புழுங்கினேன். இரவில் நன்றாகத் தூங்கினேன், அதுவே குற்றமாகப் பட்டது. மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைச் சமாதானப்படுத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? அந்த மனிசனிட்டப் போய்ச் சொல்லுங்கோ" என்றாள்.

தோட்டத்துக்குப் பஸ் ஏறிப் போனேன். அவர் தொழிலாளர் வரிசை வீடான அதே பழைய லயத்தில்தான் இருந்தார். தலை நரைத்து, கழுத்து இன்னும் தடித்திருந்தது. என்னைக் கண்டதும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவருடைய மனைவி கதிரையைத் துடைத்துப் போட்டார். நீ என்றே பேசிப் பழகிய வாய்க்கு நீங்கள் என்று சொல்ல வரவில்லை. நீ என்று கூப்பிடவும் முகமில்லை. இரண்டும் இல்லாமல் பொதுப்படப் பேசிச் சமாளித்தேன். தூக்கம் எப்படி, குறட்டை உண்டா என்று விசாரித்தேன். ராத்திரியில் மூச்சு நின்றுபோய்த் திடுக்கிட்டு எழும்புகிறார், முதுகில் தட்டித் தட்டித் தனக்கும் உறக்கம் இல்லை என்று அவர் மனைவிதான் சொன்னார்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். நாக்கு நுனிவரை வந்தது. அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டியதும் அதைக் குடித்தேன். டாக்டரிடம் ஒருமுறை காட்ட வேண்டும், செலவு என்னுடையது என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பினேன். தேவைப்பட்டால் மகனிடம் சொல்லி இன்னொரு பெட்டி எடுப்பிக்கலாம் என்று எண்ணியிருந்தேன். ஒரு பெட்டியைக் கொடுத்தால் மன்னிப்புக் கேட்காமலே கணக்குத் தீர்ந்துவிடும் என்றும் உள்ளுக்குள் ஓர் எண்ணம் இருந்திருக்கும்.

டாக்டர் வரும் நாளில் நானே போய் அவரைக் கூட்டிவந்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "இது அந்தப் பழைய விசயமுங்களாய்யா?" என்று கேட்டார். இல்லை, சும்மா ஒரு சோதனை என்றேன். இரண்டாவது வளைவு திரும்புவதற்குள் தூங்கிவிட்டார். பதுளை வரும்வரைக்கும் அவருடைய தலை என் தோளில் கிடந்தது. மூச்சு நிற்பதையும் திணறி மீள்வதையும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டே வந்தேன்.

டாக்டர் அவரை முன்னால் உட்காரவைத்தார். நான் சுவரோரம் இருந்தேன். பகலில் தூக்கம் வருமா என்று டாக்டர் கேட்டார். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க."

வேலை செய்யும்போது? பஸ்ஸில் போகும்போது?

"இல்லீங்க டாக்டரம்மா. பகல்ல நான் கண்ணே மூடுறதில்லீங்க."

டாக்டர் தலையாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். பகலில் தூக்கம் வருவதில்லை என்று எழுதிவிட்டால் இவரைக் கொழும்புக்குச் சோதனைக்கு அனுப்பமாட்டார்கள். எனக்குப் பதற்றமாகிவிட்டது.

"அவர் சொல்லுறது சரியில்லை டாக்டர். அவர் தூங்குறவர். வேலையிலை தூங்கினதை நானே கண்ணாலை கண்டிருக்கிறன்."

சொல்லும்போதே அது எனக்குக் கேட்டது. துரைக்கு எழுதியதைத்தான் தமிழில் திருப்பிச் சொல்லியிருந்தேன். சாக்கு விரித்துப் படுக்கவைத்த மீதியையும் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். டாக்டரின் கையிலிருந்த பேனாவைப் பார்த்தபடி, என் பக்கமாகக் கைகூப்பினார்.

"இனிமே தூங்கமாட்டேங்கய்யா. எழுதிப்புட வேண்டாமுங்க."