வாடகைக்கு வந்த மூச்சு மிஷின்

நம்புகிறவர்கள் மேலே படிக்கலாம். நம்பாதவர்கள் லிங்கராஜபுரம் போய் பியாட்ரிஸையே கேட்டுக்கொள்ளலாம். நடந்ததை நடந்தபடி சொல்லுவாள். ஏன் நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். அது அவளுக்கும் தெரியாது.

2006, ஆகஸ்ட் மாதம். அவள் கணவர் தியோடர் ஒரு பள்ளிக்கூட பஸ் டிரைவர். அவர் குறட்டை லேசுப்பட்டதல்ல. பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்காரும். அதனால் பியாட்ரிஸ் உள்ளறையிலும் அவர் ஹாலிலும் படுப்பது வழக்கம். ஒருநாள் சிக்னலில் பஸ்ஸை நிறுத்தியவர் ஸ்டியரிங் மேலேயே தூங்கிவிட்டார். முப்பத்திரண்டு பிள்ளைகள் கத்தித்தான் எழுப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு டாக்டரிடம் அனுப்பிவிட்டார்கள்.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றார் டாக்டர் வீணா. மூக்கில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டால் ஒரு மிஷின் காற்றைத் தள்ளித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும். ஒரு மாதம் வாடகைக்கு எடுத்து, தினமும் நாலு மணி நேரமாவது மாட்ட வேண்டும். மிஷினுக்குள் இருக்கும் கார்டில் எல்லாம் பதிவாகும். முப்பதாம் நாள் கார்டு சரியாக இருந்தால் கடிதம் கிடைக்கும். கடிதம் இருந்தால்தான் பஸ் சாவி. இல்லையென்றால் இருபத்தோரு வருஷ வேலை போய்விடும்.

காற்றை இழுப்பது சுலபமாக இருந்தது. விடுவதுதான் பெரும் பாடு, எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பது போல. மிஷின் கொடுத்த ரவிக்குமாருக்கு போன் செய்தார்.

"ஸ்டார்ட்டிங்ல காத்து கம்மியா வர்றதுக்கு ஒரு பட்டன் இருக்கு சார், அதை அமுக்குங்க. மாஸ்க் பட்டையை ரொம்ப இறுக்காதீங்க. வாயை மூடிக்கிட்டு மெதுவா மூச்சு விடுங்க. பழகிடும்."

பட்டனை அமுக்கினார். பட்டையைத் தளர்த்தினார். ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்தால் பட்டை ஒரு விரல் அளவு இறுகியிருந்தது. ஐந்தாம் இரவு படுக்கும்முன் பட்டை நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். காலை 5.40க்குப் பார்த்தால், பட்டை கோட்டைத் தாண்டிப் போயிருந்தது.

சந்தேகம் பியாட்ரிஸ் மேல்தான். தூக்கத்தில் இவர் கழற்றிவிட்டால் வேலை போய்விடுமே என்ற பயம் அவளுக்கு.

"நீதானே இறுக்கின?"

"எனக்கு வேற வேலை இல்லியா? நடு ராத்திரில எழுந்து வந்து உங்க மூஞ்சியத் தொடணுமா?"

வாய் அப்படிச் சொன்னாலும் முகம் சரியில்லை. எதையோ மறைக்கிறாள் என்று தியோடருக்குப் பட்டது.

மறைத்ததும் உண்மைதான். ஒன்பதாம் நாள் ரவிக்குமார் நேரில் வந்து காற்றை ஈரமாக்க மிஷினில் இருக்கும் தண்ணீர் டப்பாவைத் திறந்து முகர்ந்தார்.

"யாரும்மா இதுல நீலகிரித் தைலம் ஊத்துனது?"

"சளி கட்டக்கூடாதுன்னு... தினம் ரெண்டே சொட்டுதான் தம்பி."

"இது வேது பிடிக்கிற சட்டி இல்லம்மா! மூச்சு முட்டாம என்ன பண்ணும்?"

புது டப்பா, புது மாஸ்க் வந்தன. எல்லாரும் சிரித்தார்கள். தியோடருக்கும் நெஞ்சு லேசானது. "ஆனா பட்டையை நான் தொடலங்க" என்று பியாட்ரிஸ் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதினோராம் இரவு. மணி 3.05.

திடீரென்று விழிப்பு. நெஞ்சில் பாரம். காற்று வந்துகொண்டுதான் இருந்தது... ஆனால் போதவில்லை. நடுவில் யாரோ பாதியைக் குடித்துவிடுகிற மாதிரி இருந்தது.

மாஸ்க்கில் சின்ன ஓட்டைகள் உண்டு. அதில் காற்று சீறும். மூச்சை விட்டால் சத்தம் ஏறும், இழுத்தால் இறங்கும். இன்றைக்கு அது இவர் மூச்சோடு சேரவில்லை. மூச்சை அடக்கிப் பார்த்தார். இனி சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும்.

ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்ஹா... ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்ஹா...

ஏறியது. இறங்கியது.

3.07. பிளக்கைப் பிடுங்கினார். மிஷின் விளக்கு அணைந்தது.

சத்தம் நிற்கவில்லை.

மாஸ்க்கைக் கழற்றித் தலையணையில் எறிந்தார். தெருவிளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. அதன் உள்பக்கம் மங்கியது... தெளிந்தது... மறுபடி மங்கியது.

"ஏசப்பா..."

3.20க்கு எல்லாவற்றையும் ஒயரோடு சுருட்டி டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். மறுநாள் முதல் படுக்கை சமையலறையில், விளக்கை எரியவிட்டு.

"லெட்டருக்கு என்ன பண்ணுவீங்க?" என்றாள் பியாட்ரிஸ்.

"கரண்ட் போச்சுன்னு சொல்றேன்."

"பத்தொம்பது நாளுமா?"

முப்பதாம் நாள் பெட்டியைத் திறந்தார். வைத்தது வைத்தபடி இருந்தது. கார்டை மட்டும் உருவிக்கொண்டு, பியாட்ரிஸோடு கிளினிக்குக்குப் போனார். வேலை போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டேதான் உட்கார்ந்தார்.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்தார்.

"முப்பது நாளும் மாட்டியிருக்கீங்க தியோடர்! நாலு மணி நேரத்துக்கு ஒரு நாளும் குறையல. பன்னெண்டாம் நாள்ல இருந்து ஒரு தடவைகூட மூச்சு நிக்கல."

தியோடர் வாயைத் திறந்தார்.

"அதுல இருந்து தினமும் ராத்திரி 1.40க்குக் கழட்டி, 1.48க்குத் திரும்ப மாட்டியிருக்கீங்க. பாத்ரூமா? நிறைய பேர் திரும்ப மாட்டறதே இல்ல. போன ஞாயிறு ராத்திரி மட்டும் 1.40க்குக் கழட்டி 4.30க்குத்தான் மாட்டினீங்க. பரவால்ல."

உண்மையைச் சொன்னால் கடிதம் இல்லை. வாயை மூடிக்கொண்டார். கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார்.

பஸ் ஸ்டாப் வரை நடந்தார்கள். பியாட்ரிஸ் மெதுவாகக் கேட்டாள்.

"தினம் ராத்திரி என் ரூமுக்கு வந்து போர்வைய இழுத்து விட்டுட்டுப் போறது... நீங்கதானே?"

"நான் சமையல்கட்ட விட்டு எழுந்ததே இல்ல."

"பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவீங்களே... இத்தன வருஷத்துல இல்லாத பாசம்னு நான் கண்ணக்கூடத் தொறக்கல."

தியோடர் நாளை எண்ணிப் பார்த்தார். போன ஞாயிறு இரவு முழுக்க அவர் நகரின் இன்னொரு பகுதியான ஆடுகோடியில் ஒரு சாவு வீட்டில் இருந்தார். பெட்டிச் சாவியும் அவர் இடுப்பில்தான் இருந்தது. வீட்டில் பியாட்ரிஸ் மட்டும்.

"ஞாயித்துக்கிழமையுமா?"

அவள் அவர் கையை இறுகப் பிடித்தாள்.

"அன்னிக்கு உக்காரலங்க. சாவு வீட்லருந்து சீக்கிரம் வந்துட்டீங்கன்னு நெனச்சேன்... அன்னிக்குப் பக்கத்துல படுத்துட்டீங்க."