மதிய இடைவேளையில் மூன்று கோட்டைகள்

போன வாரம் எங்கள் அலுவலகத்துப் பழைய கம்ப்யூட்டர்களைச் சுத்தம் செய்ய ஓர் ஆள் வந்திருந்தார். ஒரு பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, காற்றடிக்கிற மெஷினை உள்ளே காட்டி ஒரு ஊது ஊதினார். பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் மட்டும் ஓரடி முன்னால் போனேன். சூடேறி ஆறிய தூசிக்கென்று ஒரு வாசனை உண்டு. எனக்கு அது காஞ்சிபுரத்தின் வாசனை. கோயில் ஊர் என்றால் துளசியும் கற்பூரமும் அல்லவா நினைவுக்கு வரவேண்டும் என்று கேட்பீர்கள். வரத்தான் வேண்டும். என்ன செய்வது, நான் அங்கே வேலை பார்த்தது ஒரு பட்டுப்புடவைக் கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில்.

புது நூற்றாண்டு பிறந்து ஓரிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். ஊரில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தார்கள். எங்களிடம் எட்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. அவற்றில் ஆறு ஓடும். செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து நான் புரோகிராமிங் பாடம் நடத்தினேன். முந்தின நாள் நான் படித்த பக்கத்தை மறுநாள் மாணவர்களுக்கு நடத்துவேன். யாராவது இரண்டு பக்கம் தள்ளிக் கேள்வி கேட்டுவிட்டால், "அது அடுத்த வாரம் வரும்" என்று சொல்லிவிடுவேன். நல்ல வாத்தியார் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்தவர் ஏழுமலை. ஏனாத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் பாடம் நடத்துகிறவன் என்பதால் என்னை சார் என்பார். சென்னைக்கு உதிரிபாகம் வாங்கப் போன ஒருநாள் அவர்தான் அந்த விளையாட்டின் சிடியைக் கொண்டுவந்தார். மேலுறை கிடையாது. சிடியின் மேல் யாரோ பேனாவால் ஒரு கோட்டை மட்டும் வரைந்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில் பையன்கள் ஆடியதெல்லாம் விரல் வேகம் கேட்கிற ஆட்டங்கள். சுட வேண்டும், ஓட்ட வேண்டும், கண் இமைத்தால் செத்தோம். இது வேறு மாதிரி. நிதானமாக யோசித்துக் காய் நகர்த்துவது. உங்களுக்கு ஒரு கோட்டை, ஒரு தளபதி, கொஞ்சம் படை. சுற்றி எல்லாம் இருட்டு. தளபதி நடக்க நடக்கத்தான் காடும் மலையும் சுரங்கமும் வெளிச்சத்துக்கு வரும். ஒருவர் முறை முடிந்தால் அடுத்தவர் முறை. எல்லோரும் ஒரு முறை ஆடினால் விளையாட்டில் ஒரு நாள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு கட்டடம்தான் கட்டலாம். மதிலா, மந்திரக் கூடமா? இதைத் தீர்மானிக்க ஏழுமலை ஒரு முழுச் சாப்பாட்டையும் ஆறவிட்டிருக்கிறார்.

படையில் சிங்க உடலும் கழுகுத் தலையுமாக ஒரு மிருகம் வரும். அதன் ஆங்கிலப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. "இன்னா சார் இது, நம்ம கோயில் தூண்ல நிக்குதே, யாளி. அதுதான்பா இது" என்றார் ஏழுமலை. அன்றிலிருந்து அது யாளி.

எங்களோடு மூன்றாவதாகச் சேர்ந்தவர் கோதை. சின்னக் காஞ்சிபுரம். அப்பா வடமொழி ஆசிரியர். கோதை எங்கள் நிலையத்தில் டைப்பிங் வகுப்பு எடுத்தார். ஒரு வாரம் சும்மா எங்கள் பின்னால் நின்று பார்த்தார். பிறகு ஒருநாள் கேட்டார்:

"எதிர்ல இருக்கற படைல எத்தனை பேர்னு நம்பர் போட மாட்டேங்கறானே சார். 'சில', 'பல', 'கூட்டம்'னு போடறான். பலன்னா எத்தனை?"

நாங்கள் இருவரும் மாதக்கணக்காக ஆடிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

கோதை ஒரு ரஃப் நோட்டு போட்டார். ஒவ்வொரு சண்டையிலும் திரை என்ன சொன்னது, உண்மையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று குறித்துக்கொண்டே போய், பத்து நாளில் பலவுக்கும் கூட்டத்துக்கும் எல்லை கண்டுபிடித்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. நான்காவது கோட்டையைக் கம்ப்யூட்டரே ஆடும். "அது எப்படி யோசிக்கறதுன்னு பார்க்கணும்" என்று கிளம்பினார்.

அப்படித்தான் அந்த விளையாட்டின் பெரிய ஓட்டை தெரிந்தது. கம்ப்யூட்டரின் டிராகன் படை என் கோட்டையை நோக்கி வந்துகொண்டிருந்தது. கோதை தன் கோட்டையிலிருந்து ஒரே ஒரு குடியானவனை, கையில் வைக்கோல் அள்ளும் கவைக்கோல் பிடித்த அப்பாவியை, ஒரு தளபதியோடு அனுப்பி அந்தப் படையின் கண்ணில் படும்படி நிறுத்தினார். அவ்வளவுதான். டிராகன்கள் என் கோட்டையை விட்டுவிட்டு அவனைத் துரத்த ஆரம்பித்தன. அவன் எட்டாத தூரத்தில் முன்னால் போக, அவை பின்னால் போக, நான்கு நாள் சாப்பாட்டு வேளையில் ஒரு மலையைச் சுற்றிவந்தார்கள். ஏழுமலை சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இவ்ளோ பெரிய ராஜா, ஒத்த ஆளப் பாத்துக்கினு போறானே!"

குறைகள் இன்னும் உண்டு. நினைத்த இடத்துக்குத் தாவுகிற ஒரு மந்திரம். அது ஒருவனுக்குக் கிடைத்துவிட்டால் மதிலும் பாலமும் எதற்கு? முடிவு தெரிந்த பிறகும் கடைசித் தளபதியை மூலை மூலையாகத் தேடுகிற சலிப்பு. ஆனால் இருப்பதிலேயே பெரிய குறை வேறொன்று. ஆட்டத்தை எந்த இடத்திலும் சேமித்து வைக்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் அதே இடத்திலிருந்து திறக்கலாம். நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்கிவிடலாம். அந்தக் குறையில் விழுந்தவன் நான்.

மூவருக்கும் ஒரே திரை. ஒருவர் ஆடும்போது மற்ற இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். கீழே புடவைக் கடைக்கு வரும் கல்யாணக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பூட்டு, ரகசிய எண் எதுவும் கிடையாது. முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் பூட்டு.

ஒருநாள் மதியம் கோதையின் முறை வந்தபோது மணி இரண்டாகிவிட்டது. அப்படியே சேமித்துவிட்டுப் போனோம். கோதையின் தளபதி நெருங்கியிருந்த மலைக்கு அந்தப் பக்கம் இருட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை என்றால் மிகை. ஆனால் மறுநாள் ஒரு பஸ் முன்னதாகவே ஏறிவிட்டேன். ஏழுமலை அறையைத் திறந்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான் ஆட்டத்தைத் திறந்தேன். கோதையின் தளபதியைப் பாலத்தைத் தாண்டி நடத்தி, மலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். யாளிகள். 'கூட்டம்' என்று போட்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் படியில் காலடிச் சத்தம். பதற்றத்தில் மூடுவதற்குப் பதில், கைப் பழக்கத்தில் பழையதன் மேலேயே சேமித்துவிட்டேன். பழைய இடத்துக்குத் திரும்ப வழியில்லை. வந்தவர் தண்ணீர் கேன் போடுகிறவர்.

மதியம் கோதை திரையைப் பார்த்தார். பிறகு நோட்டைப் பார்த்தார்.

"நேத்து என் தளபதி பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்தான். இப்ப அந்தப் பக்கம் இருக்கான்."

பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது ஏழுமலையின் கோட்டை. அறைச் சாவியும் அவரிடம்தான். கோதை அவரைப் பார்த்துக் கேட்டார், "காலம்பற சிஸ்டம் ஆன் பண்றது நீங்கதானே?"

"நான்தான் மேடம்."

"வேற யாரும் வந்தாளா?"

ஏழுமலை என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "நான் இல்ல மேடம்" என்று மட்டும் சொன்னார். நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு விளையாட்டுக்குப் போய் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

மறுநாள் ஏழுமலை சாப்பிட வரவில்லை. அதற்கு மறுநாள், நிர்வாகியின் மேசையில் சாவியை வைத்துவிட்டார். "நீங்களே வந்து தொறங்க சார். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா எம்மேல வரும்." நிர்வாகிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பஸ்ஸில், வகுப்பில், சாப்பாட்டில், எங்கும் அந்தச் சாவி மேசையில் விழுந்த சத்தம். புரோகிராமிங் வகுப்பில் ஒரு பெண், "சார், இதே வரிய மூணு தடவ எழுதிட்டீங்க" என்றாள்.

நான்காம் நாள், கெட்டுப்போன மானிட்டர்களை அடுக்கிவைத்திருந்த பின்னறையில் அவரைப் பிடித்தேன்.

"ஏழுமலை, அன்னைக்கு அத நகர்த்துனது நான்."

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கவில்லை. "தெரியும் சார்."

"எப்பிடி?"

"ஃபைல்ல டைம் இருக்குதே. எட்டு நாப்பது. நான் கடத்தெருவுல இருந்தேன். அன்னைக்கு நீங்கதான் சீக்கிரம் வந்திருந்தீங்க."

"அப்ப ஏன் மேடம்கிட்ட சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன். ஒரு நாள் ஆவும், ரெண்டு நாள் ஆவும்னு பாத்தேன்." ஒரு ஸ்க்ரூவைத் திருகி முடித்துவிட்டு, "நாலு நாள் ஆயிட்ச்சு" என்றார்.

அன்று மதியமே கோதையிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னை விட்டுவிட்டு நேராகப் பின்னறைக்குப் போனார். அங்கே வாசலில் நின்று, "ஏழுமலை, நான் கேட்டது தப்பு. மன்னிச்சுடுங்கோ" என்றார். டைப்பிங் வகுப்புப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களுக்காகக் குரலைத் தாழ்த்தவில்லை. ஏழுமலை, "பரவால்ல மேடம், பரவால்ல மேடம்" என்று கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகுதான் என்னிடம் வந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

"எதுக்கு சார்? மதியம் ஆடினா தானா தெரிஞ்சிருக்குமே."



எனக்கு ஒரு வாரம் முறை கிடையாது என்று தண்டனை விதித்தார்கள். ஏழு நாள் என் கோட்டை சும்மா நின்றது; சுரங்கங்களை இருவரும் பங்குபோட்டுக்கொண்டார்கள். சாவி ஏழுமலையிடம் திரும்பியது. எனக்கு ஒருவரும் சலுகை காட்டவில்லை என்பதுதான் பெரிய ஆறுதலாக இருந்தது.

சில மாதங்களில் கோதைக்குச் சென்னையில், மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை கிடைத்தது. நேர்முகத் தேர்வில், உங்களுக்கு அதில் என்ன அனுபவம் என்று கேட்டார்களாம். குடியானவனை டிராகன்கள் துரத்தின கதையை நோட்டோடு சொன்னதாகச் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை எங்களுக்குப் புளியோதரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஆட்டம் பாதியில் நின்றது. நானும் ஏழுமலையும் அதைத் தொடரவில்லை.

நிலையம் பின்னால் மூடப்பட்டது. இப்போது அந்த மாடியும் புடவைக் கடைதான். அன்று தெருவுக்குத் தெரு இருந்த பயிற்சி நிலையங்களில் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. ஒரே திரையை மூன்று பேர் மாறி மாறிப் பார்க்கிற ஆட்டமும் எங்கும் இல்லை. என் மகள் கைபேசியில் ஆடுகிறாள். எதிரில் ஆடுவது யார் என்று கேட்டால், "யாரோ" என்கிறாள்.

தூசி வாசனை விடாமல் சுற்றிவந்ததால், அன்று சாயங்காலமே ஏழுமலைக்குப் போன் செய்தேன். இப்போது சிசிடிவி பொருத்துகிற தொழில். நம் கம்ப்யூட்டரெல்லாம் என்ன ஆயின என்று கேட்டேன். நாம் ஆடிய கம்ப்யூட்டர் ஏனாத்தூர் ரைஸ் மில்லுக்கு, எடைச் சீட்டு அடிக்கப் போனதாம். ஒரு தடவை பழுது பார்க்கப் போனபோது உள்ளே நம் ஆட்டம் அப்படியே இருந்ததாம்.

"தொறந்து பாத்தீங்களா?"

"பாத்தேன் சார். மேடம் முறைல நிக்குது."

"ஆடிப் பாத்தீங்களா?"

"அவங்க முறைல நான் எப்பிடி சார் ஆடுறது? மூடிட்டு வந்துட்டேன்."

அடுத்த வெயில் காலத்தில் அந்த ஹார்ட் டிஸ்க் போய்விட்டதாம்.