முதல் சாவிக்கே பிடித்த வேன்

இதை நம்பச் சொல்லி யார் காலிலும் நான் விழப்போவதில்லை. நடந்தது. நானுஓயாவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில், இந்த வருடம் ஜனவரிக்கும் பெப்ரவரிக்கும் இடையில் நடந்து முடிந்தது. அந்த வேனைத் தள்ளிய எட்டுப் பேரில் நானும் ஒருவன். பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதியைக் கஜேந்திரன் தன் வாயாலேயே சொன்னான், யாரும் கேட்காமலே. சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்த எவனும் அதைப் பொய் என்று சொல்லமாட்டான்.

கஜேந்திரனிடம் ஒரு பழைய டீசல் வேன் இருந்தது. எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் ரகம். எங்கள் டிவிஷனில் இரவு தங்கும் வண்டி அது ஒன்றுதான். வாடகைக்கு ஹயர் ஓட்டுவான், சரி, ஆனால் அவன் அதை வாங்கியது மகளுக்காக. நிலக்ஷிக்கு ஏழு வயது. ஒரே பிள்ளை. அவளுக்கு இழுப்பு. பனிக்காலத்தில் விடியற்காலை நாலு மணிக்கு நெஞ்சு கட்டிக்கொள்ளும். இழுக்க ஆரம்பித்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டவுன் ஆஸ்பத்திரி பத்தொன்பது கிலோமீட்டர். வேன் இறங்கிப்போக நாற்பது நிமிடம். ஆம்புலன்ஸ் என்றால் கீழேயிருந்து ஏறி வரவேண்டும், பிறகு இறங்கவேண்டும். இரட்டை நேரம்.

அதனால் அந்த வேனை அவன் பச்சைப்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். ஜனவரியில் எங்கள் பக்கம் புல் எல்லாம் வெள்ளையாய் உறைந்து கிடக்கும். டீசல் எஞ்சின் லேசில் பிடிக்காது. இரவு படுக்கப் போகுமுன் ஒரு தகரத்தில் கரிநெருப்பு போட்டு எஞ்சினுக்கு அடியில் வைப்பான். காலையில் சாவியைப் பாதி திருகி, எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டரைப் போடுவான். மஞ்சள் லைட் எரிந்து அணையும். ஸ்டார்ட்டர் அடிப்பான். பிடிக்காது. மறுபடி ஹீட்டர். மூன்றாம் தடவை இருமிக்கொண்டு பிடிக்கும், வெள்ளைப் புகை நாங்கள் வரிசை வீடுகளில் இருக்கும் லயம் முழுக்கப் பரவும். அந்த நாற்றத்தில்தான் நாங்கள் எழும்புவோம்.

ஜனவரி 11. இரவு 1.50.

எங்கள் லயத்துச் சின்னத்தம்பி அண்ணன் போய் கஜேந்திரன் கதவைத் தட்டினார். அவர் சம்சாரம் மீனம்மாவுக்கு எட்டாம் மாசம். திடீரென்று இரத்தம் போக ஆரம்பித்துவிட்டது. கம்பளியில் சுற்றி லயத்து வாசலுக்கே கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டார்கள். கம்பளி நனைந்துகொண்டிருந்தது.

கஜேந்திரன் எட்டிப் பார்த்தான். அன்று பகலில்தான் வேனுக்குப் புது சீட் கவர் போட்டிருந்தான். பால் வெள்ளை. விடிந்து ஐந்து மணிக்கு டவுன் ஹோட்டலில் வெள்ளைக்காரர்களை ஏற்றவேண்டும். அவன் கண்ணுக்கு மீனம்மா தெரியவில்லை, அந்தக் கம்பளிதான் தெரிந்தது.

"நீங்க வாங்கண்ணே, நான் முன்னாடி போய் ஹீட்டர் போடுறேன்" என்று சொல்லிவிட்டு வேன் நிற்கும் கொட்டிலுக்கு ஓடினான். முன் சீட்டைத் தூக்கினான். டீசல் பம்பில் ஒற்றை வயர் ஒன்று சொருகியிருக்கும். அதைக் கழற்றிவிட்டால் டீசல் போகாது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், எஞ்சின் ஏழு ஜென்மத்துக்கும் பிடிக்காது. அந்த வயரைக் கழற்றிவிட்டு சீட்டை மூடினான்.

சாவி போட்டான். கர்... கர்... கர்... கர்...

"குளிருக்குப் பிடிக்கமாட்டேங்குதுண்ணே."

எங்கள் ஊரில் இந்த வார்த்தையை யாரும் சந்தேகப்படமாட்டார்கள். தள்ளிப் பார்ப்போம் என்று எட்டுப் பேர் இறங்கினோம். அந்த உறைபனியில் வெறுங்கால். பாவி, அவன் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். தள்ளு என்றான், தள்ளினோம். இறக்கத்தில் விட்டு கியரில் போட்டான், வண்டி குலுங்கி நின்றது. திரும்ப மேலே தள்ளினோம். மூன்று தடவை. நாற்பது நிமிடம். என் பெருவிரல் நகம் ஒன்று அன்றைக்குப் போனது, இன்னும் முளைக்கவில்லை.

மூன்றாம் தடவை வேன் வாசலருகே வந்தபோது மீனம்மா அவனைப் பார்த்தாள். "வண்டி பிடிச்சிரும்தானே தம்பி?" என்றாள்.

"பிடிச்சிரும்க்கா."

பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் அடித்தோம். அது வந்தது, ஏற்றினோம், போகும் வழியில் முடிந்துவிட்டது. வயிற்றுப் பிள்ளையும் சேர்ந்து. ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருக்கணும் என்று டாக்டர் சொன்னாராம். நாலு மணிக்கு லயமே அழுதுகொண்டிருந்தபோது கஜேந்திரன் வயரைத் திரும்பச் சொருகி, எஞ்சின் போடாமலே வேனை இறக்கத்தில் உருட்டிக்கொண்டு போய், சத்தம் கேட்காத வளைவில் ஸ்டார்ட் பண்ணினான். ஐந்து மணிக்கு ஹோட்டல் வாசலில் நின்றான். சீட் கவரில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

ஜனவரி 27 மீனம்மாவுக்குப் பதினாறாம் நாள். கருமாதிச் சோற்றை அவனும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் காலை 4.30. வேனில் ஏறினான். சீட் சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. கண்ணாடியில் பனி இல்லை. சுற்றிலும் புல் வெள்ளையாய்க் கிடக்கிறது, வேனில் மட்டும் ஒரு சொட்டுப் பனி இல்லை. சாவியைத் திருகினான். முதல் சாவிக்கே பிடித்தது.

கரிநெருப்பு நன்றாக வேலை செய்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டான், மடையன்.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் குனிந்து பார்த்தான். கரித்தகரம் நசுங்கிக் கிடந்தது. மேலே டயர் ஏறியிருந்தது. டயரில் ஈரச் செம்மண். கடைசி சீட்டின் வெள்ளைக் கவர் ஓரிடத்தில் நனைந்திருந்தது. தொட்டால் ஐஸ்.

அன்று காலை சம்சாரம் யோகேஸ்வரி கேட்டாள்: "ராத்திரி எங்கங்க போயிட்டு வாறீங்க? ரெண்டு மணிக்கு வண்டி சத்தம் கேக்குது."

"நான் எங்கயும் போகல."

"மூணரைக்குத் திரும்பி வருதே."

அன்றிரவு மீட்டரைக் குறித்து வைத்தான். காலையில் முப்பத்தெட்டு கிலோமீட்டர் கூடியிருந்தது. போக பத்தொன்பது. வர பத்தொன்பது.

திருட்டு என்றால் பிடித்துவிடலாம் என்று அடுத்த இரவு சீட்டைத் தூக்கி, அந்த வயரைக் கழற்றிவிட்டுப் படுத்தான். அதே வயர். காலையில் பார்த்தான். கழற்றியது கழற்றியபடியே கிடந்தது.

எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது.

பெப்ரவரி 3. இரவு 1.30. வேனுக்குள்ளேயே போய் உட்கார்ந்தான். கையில் டார்ச். சாவி சட்டைப்பையில். வயர் கழற்றியபடி.

1.40. ஒன்றுமில்லை.

1.45. எங்கேயோ நாய் ஒன்று குரைத்தது. பாதியில் நிறுத்திக்கொண்டது.

1.50. டேஷ்போர்டில் மஞ்சள் லைட் எரிந்தது.

ஹீட்டர் லைட்...

சாவி சட்டைப்பையில்தான் இருந்தது. தடவிப் பார்த்தான். இருந்தது.

லைட் அணைந்தது. இனி ஸ்டார்ட்டர் அடிக்கவேண்டும்... அவன் கண் தானாகக் கண்ணாடிக்குப் போனது. பின்னால் கடைசி சீட். வெள்ளைக் கவர். ஆள் இல்லை.

கவர் மெதுவாக அமுங்கியது.

யாரோ உட்கார்ந்தால் அமுங்குமே... அப்படி.

கதவைத் திறந்து விழுந்தடித்து ஓடினான். முதுகுக்குப் பின்னால் ஸ்டார்ட்டர் ஒரே ஒரு தடவை அடித்தது. பிடித்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

இதற்குப் பிறகாவது எங்களிடம் வந்து சொல்லியிருக்கலாம். சின்னத்தம்பி அண்ணன் காலில் விழுந்திருக்கலாம். வேனை விற்றிருக்கலாம். பனி முடியும்வரை நிலக்ஷிக்கு வேன் வேண்டுமே என்று கணக்குப் போட்டான். போகிறது இரண்டு மணிக்கு. மூன்றரைக்குத் திரும்பிவிடுகிறது. பிள்ளைக்கு இழுப்பது நாலு மணிக்குத்தானே... இருந்துவிட்டுப் போகட்டும் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான். இப்படியும் ஒரு மனுசன்.

பெப்ரவரி 9. இரவு 1.55.

யோகேஸ்வரி அவனை உலுக்கி எழுப்பினாள். "எழும்புங்க. பிள்ளைக்கு இழுக்குது."

அவன் முதலில் மணியைப் பார்த்தான். பிறகுதான் பிள்ளையைப் பார்த்தான்.

நிலக்ஷிக்கு மஞ்சள் கம்பளித் தொப்பி மாட்டி வைத்திருந்தாள் தாய். பிள்ளையின் உதடு நீலம். நெஞ்சுக்குழி உள்ளே போய் உள்ளே போய் வந்தது. விசில் சத்தம்...

சாவியை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்கு ஓடினான்.

கொட்டில் காலி.

வேன் நின்ற இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. நசுங்கிய தகரத்தில் கரி இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

யோகேஸ்வரி போட்ட சத்தத்தில் லயம் எழும்பிவிட்டது. ஆம்புலன்சுக்கு அடித்தோம். வந்துகொண்டே இருக்கிறோம், ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். அதற்குள் நாங்கள் எட்டுப் பேரும் கொட்டிலுக்கு இறங்கிவிட்டோம். தள்ளத்தான். முதலில் வந்தவர் சின்னத்தம்பி அண்ணன். பிள்ளை எவன் பிள்ளையாக இருந்தால் என்ன என்று வருகிற மனுசன் அவர்.

"வண்டி எங்க கஜேந்திரா?"

அவன் காலிக் கொட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உன்னத்தான் கேக்கிறேன். வண்டி எங்க?"

"போயிருக்குண்ணே" என்றான். அவ்வளவுதான் வந்தது.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலுக்குத் திரும்பி வந்தோம். யோகேஸ்வரி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, மீனம்மா படுத்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது தெரியாது. நிலக்ஷி தகப்பனைப் பார்த்தாள்.

"வண்டி... பிடிச்சிரும்தானே அப்பா..."

என் போனில் அப்போது மணி 2.30. ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரத்தில் வரும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதனால் தெரியும்.

அவன் தலையை ஆட்டினான்.

ஆம்புலன்ஸ் 2.58க்கு வந்தது. ஏற்றினோம். பாதி வழியில், 3.12க்கு, மூச்சு நின்றது. டாக்டர் அவனைப் பார்த்துச் சொன்னார். "ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருக்கணும்."

விடிந்ததும் 6.20க்கு கஜேந்திரன் ஆஸ்பத்திரி கேட்டில் வந்து உட்கார்ந்தான். நான் பக்கத்தில் நின்றேன். இரவு காவலுக்கு நின்ற சிங்கள ஐயா எங்களிடம் வந்தார். தமிழ் ஓரளவு பேசுவார்.

"நீங்க வேன்லதானே பிள்ளையக் கொண்டு வந்தது? பொறகு ஏன் ஆம்புலன்ஸ்ல வந்தது?"

கஜேந்திரன் தலை தூக்கினான். "எந்த வேன்?"

"உங்க வேன்தான். வெள்ளை சீட் கவர். இப்ப கொஞ்ச நாளா எல்லா ராவும் வருதே. ஒரு அம்மா எறங்கும். நான் உள் கதவைத் திறந்துட்டுத் திரும்பினா அம்மாவும் இல்ல, வேனும் இல்ல."

"யாரு ஓட்டினது?"

அவர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்கதானே."

கஜேந்திரன் எழுந்து நின்றான்.

"நேத்து ராவு அந்த அம்மா சின்னப் பிள்ளை ஒண்ணையும் கையப் புடிச்சு எறக்கினா. மஞ்சள் தொப்பி போட்ட பிள்ளை. அது உங்களப் பார்த்து அப்பா, அப்பான்னு கூப்பிட்டுது. நீங்க ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு நேரப் பார்த்து உட்கார்ந்திருந்தீங்க. எறங்கவே இல்ல."

வாகனங்களைப் பதியும் கேட் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினார். வேன் நம்பர் இருந்தது. ஜனவரி 27 இரவு முதல் ஒவ்வொரு இரவும் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பெண் என்று எழுதியிருந்தது. கடைசி வரியில் மட்டும் ஒரு பெண், ஒரு பிள்ளை. நேரம் 2.30.

அந்த 2.30க்கு நிலக்ஷி லயத்து வாசலில், தாய் மடியில் இருந்தாள். மூச்சு இருந்தது. எட்டுப் பேர் பார்த்தோம்.