பாதியில் நின்ற யட்சி கதை

பின்லாந்திலிருந்து வந்த அந்த நாட்டுப்புறக் கதை ஆய்வாளருக்குக் காஞ்சிபுரத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான்தான். அறுபதுகளின் கடைசி. தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். பிஎச்.டி. சேர வேண்டும், கல்லூரியில் பாடம் சொல்ல வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. "ஃபாரின்காரரோட வேலை செஞ்சா சீட்டு தானா வரும்மா" என்று அண்ணன் சொன்னார். நம்பினேன்.

அந்த ஆய்வாளர் ஊர் ஊராகப் போய்த் தெய்வக் கதைகளைப் பதிவு செய்தார். நல்ல மனிதர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். வெயிலில் தக்காளியாகச் சிவந்துபோய், கனமான டேப் ரெக்கார்டரைத் தானே தூக்கிக்கொண்டு நடப்பார். கடைசி நாள் மாலை திருப்பருத்திக்குன்றம் போனோம். அங்கே ஒரு ஜைன அம்மா, அவர்கள் கும்பிடும் காவல் தெய்வமான யட்சியின் கதையைச் சொன்னார். திவசச் சோற்றை முனிவருக்கு முதலில் போட்டாள் என்று கணவன் துரத்திவிட, இரண்டு பிள்ளைகளோடு வீட்டை விட்டுப் போனவளின் கதை. அவள் மலையேறுகிற இடத்தில் அந்த அம்மா வெளியே வெளிச்சத்தைப் பார்த்தார், சட்டென்று நிறுத்தினார். இவரும் டேப்பை நிறுத்திவிட்டார்.

"பொழுது சாயுதும்மா. இருட்டினா நாங்க பச்சத்தண்ணி கூட வாயில ஊத்த மாட்டோம். சாப்புடணும். மிச்சத்த நாளைக்கி வந்து கேட்டுக்கோ."

இன்னும் கதை இருக்கிறது என்று ஆய்வாளரிடம் சொன்னேன். தலையாட்டினார். மறுநாள் அவருக்கு விமானம். நான் மட்டும் போய் மிச்சத்தைக் கேட்டேன். மனம் மாறிய கணவன் அவளைத் திரும்பக் கூப்பிட ஓடி வருகிறான். அடிக்கத்தான் வருகிறான் என்று பயந்து அவள் மலையிலிருந்து குதித்துச் செத்து, தெய்வமாகிறாள். அவனும் செத்து, அவளுக்கே சிங்க வாகனமாகிறான்.

சில வருஷத்தில் அந்த ஆய்வாளர் தன் ஊரில் பேராசிரியராகிவிட்டார். அந்தப் பதவியை வாங்கிக் கொடுத்த புத்தகம் இங்கே பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தது. படித்தேன், வயிறு எரிந்தது. காஞ்சி ஜைனர்களின் கதையில் யட்சி சாவதே இல்லையாம். தற்கொலை பாவம் என்பதால் அந்த முடிவைத் தலைமுறை தலைமுறையாக மறந்தேவிட்டார்களாம். இதற்கு ஒரு முழு அத்தியாயம். அடப்பாவி, அந்த அம்மா சாப்பிடப் போனார் ஐயா.

விடுவேனா? அந்தக் கதையையே ஆராய்ச்சித் தலைப்பாக எடுத்துக்கொண்டு பிஎச்.டி. நேர்காணலுக்குப் போனேன். அங்கிருந்த பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அவர்கிட்ட டேப் இருக்கு. உன்கிட்ட என்னம்மா இருக்கு?"

"அந்த அம்மாவே இருக்காங்க சார். இப்பவே போய்க் கேக்கலாம், பஸ் இருக்குது."

சிரித்தார். "உலகமே ஒத்துக்கிட்டதை ஒரு கிராமத்து அம்மாவை வச்சு மாத்துவியா? அந்த விஷயம் முடிஞ்சுபோச்சும்மா. இந்த வருஷ இடமும் முடிஞ்சுபோச்சு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி வேறொன்று கொடுத்தார். "அந்தப் புஸ்தகத்தைத் தமிழ்ல போடப்போறோம். காஞ்சிபுரத்துப் பொண்ணு, இங்கிலீஷும் தெரியும். நீயே மொழிபெயர்த்துக் குடேன்."

அப்பாவால் தறியில் உட்கார முடியாமல் போன சமயம் அது. ஒப்புக்கொண்டேன். அந்த அத்தியாயம் வந்தபோது பேனாவைத் தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. எறியவில்லை. திருப்பருத்திக்குன்றத்துப் பெண்களுக்குக் கதையின் முடிவு தெரியாது என்று, நல்ல தமிழில், என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்.